வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு



சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் செல்வோர், பூந்தமல்லியைக் கடந்து ஸ்ரீபெரும்புதூரை எட்டுமுன் இருங்காட்டுக்கோட்டை என்னும் ஊரைக் காண்பர். அவ்வூருக்கு இன்று இரண்டு அடையாளங்கள் உள்ளன. ஒன்று, 1996-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1998-இல் 'சான்ட்ரோ' காரை வெளியிட்ட ஹூண்டாய் தொழிற்சாலை. மற்றொன்று, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம். வேகமாய் ஓடும் வண்டி பிறக்கும் இடமும், வேகத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட இடமும் ஒரே ஊரில் அமைந்திருப்பது சிந்தனைக்குரியது. காரோட்டும் பிள்ளைகளைப் பெற்ற ஒவ்வொருவரும் அவ்வூரின் வழியே ஒருமுறை பயணம் செய்வது நல்லது.

முற்காலத்தில் பந்தயங்கள் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் நடைபெற்றன. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. பின்னர், 1990-ஐ ஒட்டி இருங்காட்டுக்கோட்டைத் தடம் உருவாயிற்று. ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள வளைவுப் பாதை. எல்லா வண்டிகளும் ஒரே திசையில் ஓடும். எதிரே லாரி வராது, மாடு குறுக்கிடாது, பள்ளிப் பிள்ளைகள் கடக்க மாட்டார்கள். ஓட்டுபவர் தலைக்கவசம் அணிந்திருப்பார். கொடி காட்டி எச்சரிப்போரும் ஆம்புலன்ஸும் ஆயத்தமாய் நிற்பார்கள். இத்துணைக் காவல் இருந்தும் 2023-இல் அங்கும் உயிரிழப்பு நேர்ந்தது. அவ்வாறாயின், இக்காவல்களில் ஒன்றேனும் இல்லாத பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவதை என்னவென்பது?

சிறிய உடல், பெரிய வலிமை

என் தமக்கையின் மகன் வளைகுடா நாட்டில் சில ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவன். அவன் வாங்கியிருப்பது ஹூண்டாய் நிறுவனத்தார் 2021-இல் வெளியிட்ட 'ஐ20 என் லைன்' என்னும் கார். பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சிறு வண்டி. இதனை 'ஹேட்ச்பேக்' என்பர். நீளம் நான்கு மீட்டருக்கும் சற்றுக் குறைவு. எஞ்சின் 998 சி.சி. மட்டுமே, ஆயினும் அதன் ஆற்றல் 120 குதிரைத்திறன். அதே ஐ20 காரில் 1.2 லிட்டர் சாதாரண எஞ்சின் பொருத்திய வகைக்கு 83 குதிரைத்திறன்தான்.

சிறிய எஞ்சினுக்கு இவ்வலிமை எங்ஙனம் வந்தது? 'டர்போ' என்னும் கருவியே காரணம். எரிந்து வெளியேறும் புகையின் விசை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அது மிகுதியான காற்றை எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாய் எரியும், ஆற்றல் பெருகும். வீணே போக வேண்டிய புகையையும் பயன்கொள்ளும் இவ்வறிவு இறைவன் மனிதனுக்கு அளித்த அருட்கொடையன்றோ! நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் உண்டு. ஓடுவதற்குக் கொடுத்தவர்கள் நிற்பதற்கும் கொடுத்திருக்கிறார்கள். அதனை உரிய காலத்தில் மிதிக்கும் அறிவை மட்டும் எந்தத் தொழிற்சாலையாலும் செய்து பொருத்த இயலாது.

கோவளம் நோக்கி

ஒருநாள் பஜ்ருத் தொழுகைக்குப் பின் இருவரும் புறப்பட்டோம். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வண்டலூர், கேளம்பாக்கம் வழியே கோவளம் சென்று, கடலோரத்தில் அமைந்துள்ள தமீமுல் அன்சாரி (ரலி) தர்காவில் ஸியாரத் செய்துவருவது எங்கள் திட்டம்.

ஒரகடத்துச் சாலை அகலமானது. கன்டெய்னர் லாரிகள் அணிவகுத்துச் செல்லும். ஒன்றை முந்துவதற்காக மருமகன் ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. லாரி பின்னே நின்றுவிட்டதுபோல் தோன்றியது. ஸ்டியரிங் இம்மியும் தள்ளாடவில்லை. இளைஞர்கள் இதன்மீது மையல் கொள்வதன் காரணம் எனக்கு அக்கணமே விளங்கிற்று. அதே சமயம், இறுக்கமான ஸ்பிரிங்கும் பக்கவாட்டுத் தடிப்புக் குறைந்த டயரும் சாலைப் பள்ளங்களை ஒன்று விடாமல் என் இடுப்புக்கு அறிவித்துக்கொண்டே வந்தன!

கேளம்பாக்கத்தை நெருங்குகையில் ஒரு சிறுமி, பந்தைத் துரத்திக்கொண்டு சாலைக்குள் ஓடி வந்தாள். மருமகன் பிரேக்கை மிதித்தான், வண்டி நின்றது. "ஐம்பதில் வந்தேன் மாமா, அல்ஹம்துலில்லாஹ்" என்றான். அவன் கை நடுங்கியது.

வாசகர்களே, அந்த ஐம்பதைச் சற்றே கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 14 மீட்டர் செல்லும்; நூறு என்றால் 28 மீட்டர். ஆபத்தைக் கண்ட கண், காலுக்குச் செய்தி சொல்லி முடிப்பதற்குள் கழியும் தூரம் இது. வேகம் இருமடங்கானால் மோதும் ஆற்றலோ நான்கு மடங்காகும். பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரமும் அவ்வாறே. ஐம்பதில் பிழைத்த சிறுமி நூறில் பிழைத்திருப்பாளா?

2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களுள் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோரின் மரணத்துக்கு மிகை வேகமே காரணம் என்கிறது அரசின் கணக்கு. அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழகத்துக்கே.

மதீனத்துப் பந்தயம்

அவ்வாறாயின் வேகமே கூடாதா? அப்படிச் சொல்ல நமக்கு உரிமையில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியுள்ளார்கள். பயிற்சியளித்து உடல் இறுக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையும், பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையும் எல்லை வகுத்தார்கள். முன்னது ஐந்தாறு மைல். பின்னது ஏறத்தாழ ஒரு மைல். இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

இதில் எத்துணை நுட்பம்! தொடக்கமும் முடிவும் குறிக்கப்பட்டன. பயிற்சிக்கேற்ப தூரம் அளிக்கப்பட்டது. வேகம் விலக்கப்படவில்லை, அதற்குரிய இடத்தில் அமர்த்தப்பட்டது. எனவே, பந்தயம் விரும்பும் இளைஞர் முறையான பயிற்சியும் உரிமமும் பெற்று இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்குச் செல்லட்டும். கடைத்தெருவும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் அதற்கான இடங்களல்ல.

பெற்றோர் கவனத்துக்கு

இக்கார் வெளிவந்தபோது கடை விலை 9.84 இலட்சத்தில் தொடங்கியது. பிற நாட்டு வேகக் கார்களோடு ஒப்பிட்டால் மலிவுதான். நம் குடும்ப வரவோடு ஒப்பிட்டால் மலிவன்று. வரி, இன்ஷூரன்ஸ், டயர் எனச் செலவு தொடரும். மருமகன் வட்டிக் கடன் வாங்காமல், சேமித்த பணத்தைக் கொண்டே வாங்கினான். அதற்கு இயலாதவர்கள் சாதாரண வண்டியோடு நிறைவு கொள்வது மார்க்கத்துக்கும் மன அமைதிக்கும் ஏற்றது.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் சாவியைக் கொடுப்போர் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அப்பிள்ளை குற்றமிழைத்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும். சட்டத்தின் கணக்கு அது. மறுமையில் கேட்கப்படும் கணக்கு இதனினும் பெரிது.

கோவளத்தில் அலையோசைக்கிடையே துஆச் செய்தபோது, பந்தைத் துரத்திய அச்சிறுமிக்கும் சேர்த்தே கையேந்தினோம். வண்டி நம் உடைமை; சாலையில் நடக்கும் உயிர்களோ நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைப் பேணி நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.