சேற்றோடையில் ஒரு தோணிப் பயணம்

ஆறென்றால் ஆண்டு முழுவதும் ஓடவேண்டும் என்பதில்லை. யாழ்ப்பாணத்து வழுக்கையாற்றை அறிந்த நமக்கு இதனை எவரும் சொல்லித்தர வேண்டியதுமில்லை. அதனிலும் குறுகிய வாழ்நாளுடைய ஓர் ஓடையில், அமெரிக்காவின் யூற்றா மாநிலத்துப் பாலைநிலத்திலே, நண்பர் மூவருடன் தோணி செலுத்தும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

அதன் பெயர் மடி கிறீக். சேற்றோடை என்பது பொருள். மேற்கேயுள்ள வசாச் மேட்டுநிலத்துப் பனி உருகும் இளவேனிலிற் சில வாரங்களே அதில் தோணி மிதக்குமளவு நீர் ஓடும். பனி குறைந்த ஆண்டுகளில் அதுவும் அரிது. நீர் வந்ததென்று கேள்வியுற்றதும் தோணிக்காரர் இரவோடிரவாகப் புறப்பட்டுவிடுகின்றனர்.

நாம் செலுத்தியவை கயாக் எனப்படும் ஒருவர் தோணிகள். வடதுருவத்து மக்கள் கடல்நாய்த் தோலாற் செய்தவற்றின் வழிவந்தவை, நம்முடையவையோ காற்றடைத்தவை. பாறையில் மோதினால் துள்ளி விலகும். முன்னர்க் கித்துள்கலையிலே களனி கங்கையின் நுரைநீரிற் பழகியிருந்தமையால் நமக்குத் துடுப்பு புதிதன்று.

தொம்சிச் குன்றின் அடியிற் புறப்பட்டால் ஏறத்தாழ 15 மைல் ஓடை வழி. 1950களில் அங்கே யுரேனியம் தோண்டிய சுரங்கவாய்கள் இன்றும் கரிய கண்கள்போல் விழித்திருக்கின்றன. நடுவழியில் உள்ளது 'ஷூட்' என்னும் இடுக்கு. இருமருங்கும் மணற்கற் சுவர்கள் நூற்றுக்கணக்கான அடி உயர்ந்து நிற்கும். இடையகலம் சிற்சில இடங்களிற் பத்தடிக்கும் குறைவு. உள்ளே வெள்ளம் வந்தால் ஏறித் தப்ப இடமில்லை. பாலையிற் பெய்யும் மழையை வெறும் பாறை உறிஞ்சுவதில்லை. பெய்ததெல்லாம் அப்படியே ஓடைக்கு வந்துவிடும். பல மைல்களுக்கு அப்பாற் பெய்த மழை, வெயிலிலே நிற்பவனை வந்து அடித்துச் செல்லும்.

நாம் புறப்படவிருந்த நண்பகலில் மேற்கு விளிம்பிற் கருமேகம் தோன்றியது. எம்மை அழைத்துச் சென்ற முதியவர், பல ஆண்டுகள் அவ்வோடையைக் கண்டவர், "இன்று வேண்டாம்" என்றார். அங்கே குடியேறியுள்ள நம் பழைய மாணவர் ஒருவர் இரவெல்லாம் வண்டியோட்டி வந்தவர். மறுநாட் காலை வேலைக்குத் திரும்பவேண்டியவர். "சேர், தலைக்குமேல் வானம் நீலமாய்த்தானே இருக்கிறது?" என்றார். அவர் முகத்தைப் பார்க்க நமக்கும் இரக்கமாகவே இருந்தது. முதியவர் மறுமொழி கூறவில்லை. நீர்விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டுத் தேநீர் காய்ச்சத் தொடங்கினார்.

பொழுதுசாயும் வேளையில் நீரின் ஓசை தடித்தது. சுள்ளிகளும் சருகுகளும் மிதந்து வந்தன. குச்சி ஒரு முழத்துக்குமேல் நீருள் மூழ்கிற்று. மாணவர் நெடுநேரம் அதனையே நோக்கியிருந்தார். பின்பு, ஒருநாள் விடுமுறை வேண்டித் தொலைபேசியில் அறிவிக்க, மலைவழியில் வண்டியை ஓட்டிச் சென்றார்.

விடியற்காலையிற் குச்சி மீண்டும் மணலில் நின்றது. புறப்பட்டோம். பேரருவிகள் ஒன்றுமில்லை, சிறு நுரைப் பாய்ச்சல்களும் திடீர் வளைவுகளுமே. ஷூட்டினுள் நுழைந்ததும் துடுப்பைக் குறுக்கே பிடிக்க முடியவில்லை. அதன் முனையாற் சுவரைத் தள்ளியே திரும்பினோம். ஓரிடத்தில் மாணவர் அண்ணாந்து பார்த்துக் கையைக் காட்டினார். நம் தலைக்கு மேலே பல அடி உயரத்தில், இரு சுவர்க்கும் இடையே, பெருமரத் துண்டங்கள் செருகிக்கிடந்தன. முந்தைய வெள்ளமொன்று விட்டுச் சென்றவை. எவரும் பேசவில்லை.

ஹாங்ஸ்வில் அருகே இவ்வோடை பிறிமொன்ற் ஆற்றுடன் கூடி 'டேட்டி டெவில்', அதாவது அழுக்குப் பிசாசு, ஆகிறது. 1869இல் ஜோன் வெஸ்லி பவலின் குழுவினர் இட்ட பெயர் அது. மீனுள்ள ஆறோ என்று பின்தோணியினர் வினவ, முன்தோணியிலிருந்தவர் வெறுப்புடன் சொன்ன விடையே பெயராயிற்று. பின்னர்த் தெளிந்த ஓடையொன்றைக் கண்ட பவல் அதற்கு ஒளிமிகு தேவதை எனப் பெயர் சூட்டிச் சமன்செய்தார். நம் காற்சட்டையை மூன்றுமுறை தோய்த்தாயிற்று; பிசாசின் சேறு இன்னும் முற்றாகப் போகவில்லை.