இரண்டு நாள் இதயம்

சென்ற செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. பதினோராம் வகுப்பு உயிரியல் பிரிவு மாணவியராகிய நாங்கள் பன்னிருவர், காலைத் திருப்பலி முடிந்த கையோடு, விலங்கியல் கற்பிக்கும் அருட்சகோதரியுடன் அருகிலுள்ள மகளிர் கல்லூரிக்குப் புறப்பட்டோம். இட்லிப் பொட்டலங்களைப் பேருந்திலேயே பிரித்தோம். அவ்வளவு அவசரத்திற்குக் காரணம் உண்டு. நாங்கள் பார்க்கப்போன வரிக்குதிரை மீன் விடியலில்தான் முட்டையிடும். ஆய்வகத்தில் விளக்கு எரியத் தொடங்கும் வேளைதான் அதற்கு விடியல்.

சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத, நீல வரிகள் ஓடும் மீன் அது. வீடுகளில் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பதும் இதையேதான். கங்கைச் சமவெளியின் ஓடைகளும் வயல் நீரும் இதன் தாயகங்களுள் அடங்கும். 1822இல் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றிய நூலில் இதை விவரித்தார். ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் 1981இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு உலகெங்கும் ஆய்வகங்கள் இதை நாடின. நம் நாட்டு மீன் வெளிநாடு போய்ப் பெயர் வாங்கியதில் எங்களுக்குப் பெருமை பாதி, பொறாமை பாதி!

தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகள் பரப்பியிருந்தார்கள். விளையாட்டுக்கல்ல, பெற்ற மீன்களே முட்டைகளைத் தின்றுவிடுமாம். குண்டுகளின் இடுக்கில் விழுந்தவை பிழைக்கும்.

எங்களுள் ஒருத்தியின் பாட்டி, ஓய்வூதியத்தில் மாதந்தோறும் "முதுமையைத் தள்ளிப்போடும்" மாத்திரைப் புட்டி ஒன்று வாங்குவார். அது உண்மையா என்று கேட்டு வருவதாக இவள் வாக்குக் கொடுத்திருந்தாள். வழியெல்லாம் பேசிப் பேசி அது எங்கள் எல்லாருடைய கேள்வியுமாகிவிட்டது.

நுண்ணோக்கியில் முதலில் இரண்டு நாள் கருவைக் காட்டினார்கள். உடல் முழுதும் கண்ணாடி. உள்ளே இதயம் துடிக்கிறது; இரத்த அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. கருவான 24 மணி நேரத்திலேயே துடிப்பு தொடங்கிவிடுமாம். நாங்கள் எண்ண முயன்றோம். நிமிடத்திற்கு 130 என்றாள் ஒருத்தி, 150 என்றாள் மற்றொருத்தி. இன்னொருத்தி தன்னையறியாமல் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டாள். யாரும் சிரிக்கவில்லை.

உயிரணுக்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும்போது ஃப்ரீ ராடிகல் என்னும் அடங்காத மூலக்கூறுகளும் பிறக்கின்றன. இவை உடலை மெல்ல மெல்ல அரிப்பதே முதுமை என்று 1956இல் டென்ஹாம் ஹார்மன் கூறினார். இவற்றை அடக்குபவையே ஆன்ட்டி ஆக்ஸிடன்ட்கள். கருக்களுள்ள நீரில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு கலந்து, ஒருவகைச் சாயமும் இட்டால், உள்ளே தீங்கு மிகுந்த கரு பச்சையாக ஒளிரும். வைட்டமின் சி சேர்த்த தட்டில் அந்த ஒளி மங்கியிருந்ததைக் கண்டு நாங்கள் கைதட்டியே விட்டோம்.

அடுத்தது மஞ்சளிலுள்ள குர்குமின். நம் மஞ்சள் தோற்குமா? ஆனால் அளவு கூடிய தட்டில் கருக்களின் வால் கொக்கிபோல் வளைந்திருந்தது. சில இறந்தே கிடந்தன. போதாததற்குக் குர்குமின் தானாகவே ஒளிரக்கூடியதாம். கவனியாவிட்டால் கணக்கையே கெடுத்துவிடும் என்றார் பேராசிரியை. மேலும், இந்தக் கரு உண்பதே இல்லை! ஐந்து நாள்வரை வயிற்றிலுள்ள மஞ்சள் கருவே அதற்கு உணவு. நீரில் கலந்தது தோல் வழியே உள்ளே போகிறது. எனவே நம் வீட்டுக் குழம்புக்கு இதைச் சான்றாகக் காட்ட முடியாது.

பாட்டியின் மாத்திரையைப் பற்றிக் கேட்டோம். பேராசிரியை பின்லாந்துக் கதையைச் சொன்னார். அங்கே புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த ஆய்வு 1994இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியது. காரட் தின்றால் ஆபத்து என்று எங்கள் தம்பிமார் இதைத் திரித்துக்கொள்ள வேண்டாம்; அது மாத்திரையின் கதை.

புறப்படும்போது, "இந்தக் கருக்கள் பிறகு என்னாகும்?" என்று கேட்டாள் சிலுவை வரைந்தவள். ஐந்தாம் நாளுக்குள், இரை தேடத் தொடங்குமுன், மயக்க மருந்து கலந்த நீரில் முடித்துவிடுவார்களாம். பேராசிரியை மறைக்காமல் சொன்னார். திரும்பும் பேருந்தில் நாங்கள் இரண்டு கட்சியானோம். எலியும் முயலும் படும் பாட்டுக்கு இது மேல் என்றனர் சிலர். துடிப்பை எண்ணியபின் அப்படிச் சொல்ல எங்களில் ஐவருக்கு வாய் வரவில்லை. அருட்சகோதரியிடம் தீர்ப்புக் கேட்டோம். "நானும் எண்ணினேன், 140 வந்தது" என்று மட்டும் சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் மாலை பாட்டியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தோம். பொறுமையாகக் கேட்டார்.

"அந்த மீனுக்கு என்ன வயசுடி?"

"இரண்டு நாள், பாட்டி."

"எனக்கு எழுபத்தாறு. முந்தாநாள் பிறந்ததைக் கேட்டா என் மூட்டுவலியைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்? கிழட்டு மீன் ஒண்ணும் இல்லையா அங்கே?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. கல்லூரிக்குக் கடிதம் எழுதினோம். மூன்று வயதைக் கடந்த மீன்கள் ஒரு தொட்டியில் இருக்கின்றனவாம்; சிலவற்றுக்கு முதுகு கூனிவிட்டதாம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டியும் வருகிறாராம்.