பழைய மோரிஸ் மைனரும் பின்னால் வரும் அவசரக்காரர்களும்

“டீச்சர், இந்தப் பழைய காரை ஓட்டும்போது பின்னால் வருகிறவர்கள் திட்டமாட்டார்களா?” என்று சக ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கின்றார்கள். திட்டத்தான் செய்கின்றார்கள். அவர்களின் வண்டிக்குள் குளிரூட்டி ஓடுவதால் கண்ணாடிகள் மூடியிருக்கும்; வாயசைவு மட்டுமே எனக்குத் தெரியும். ஒருவகையில் அதுவும் நன்மைதான்! நம் நாட்டில் ஒலிப்பானை அழுத்துகிறவர்கள் குறைவு. முன்விளக்கைப் பளிச்சுப் பளிச்சென்று அடிப்பதும், முட்டிவிடுவதுபோல் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவதுமே நம்மவர்களின் வழக்கம். இதைப் பற்றி எழுதவேண்டும் என்று நெடுநாளாய் எண்ணியிருந்தேன்.

என்னுடையது 1963ஆம் ஆண்டின் மோரிஸ் மைனர் 1000. அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது, 1974இல், தோட்ட மருத்துவமனையின் டிரெசர் ஐயாவிடமிருந்து வாங்கியது. நான் பிறப்பதற்கு முன்பே வீட்டிற்கு வந்துவிட்ட வண்டி அது; அந்த வகையில் எனக்கு மூத்தது. அப்பா காலமான பிறகு என்னிடம் வந்து சேர்ந்தது. இந்த மகிழுந்தை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி மகிழுந்தையும் உருவாக்கியவர் அவரே. மைனர் 1948இல் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமாகி 1971 வரை உற்பத்தியில் இருந்தது. பத்து இலட்சத்திற்கும் மேல் விற்பனையாகிய முதல் பிரிட்டிஷ் மகிழுந்து என்ற பெருமையும் இதற்குண்டு.

பெருமை ஒருபுறம் இருக்கட்டும். சாலையில் அது எப்படி ஓடுகின்றது என்பதுதான் இங்கே பேச்சு. என் வண்டியின் இயந்திரம் 1098 சிசி. அதன் ஆற்றல் 48 குதிரைத்திறன். இன்றைய 1.5 லிட்டர் மைவியின் ஆற்றலோ நூறு குதிரைத்திறனுக்கும் மேல். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகள். காலின் வலுவைத் தவிர அவற்றிற்கு வேறு துணையில்லை. நீண்ட இறக்கத்தில் சூடேறினால் அவற்றின் பிடி தளரும். தேங்கிய வெள்ளத்தில் இறங்கி ஏறினால், காலை மெல்ல வைத்து அழுத்தி அவற்றை உலர்த்தவேண்டும். முதல் கியரைப் போடுவதற்கு வண்டி முழுமையாக நின்றிருக்க வேண்டும். உருண்டுகொண்டிருக்கும்போது தள்ளினால் பற்கள் கரகரவென்று முறையிடும். ஆகவே சமிக்ஞை விளக்கு பச்சையானதும் பாய்ந்து செல்வது இயலாத காரியம். வேகமானியும் மைல் கணக்கில்தான் காட்டும். சாலைப் பலகையில் 90 என்று பார்த்தால் என் மனம் 56 என்று மொழிபெயர்த்துக்கொள்ளும். ஆனால் நான் 56 மைலுக்குப் போவதில்லை. 40 முதல் 45 மைல், அதாவது மணிக்கு 65 முதல் 70 கிலோமீட்டர், இதுவே வண்டிக்கும் எனக்கும் ஒத்துவரும் வேகம்.

பலரும் நினைப்பதற்கு மாறாக, எனக்குத் தொல்லை மிகுந்த இடம் வடக்கு தெற்கு விரைவுச்சாலை அன்று. அங்கே இடப்பக்கத் தடத்தில் லோரிகளோடு லோரியாகப் போய்விடலாம். வலப்பக்கம் வேறு தடம் இருப்பதால் அவசரக்காரர் என்னைக் கடந்து போய்க்கொண்டே இருப்பார். என்னை நினைக்கவும் அவருக்கு நேரமிருக்காது. ஏற்றத்தில் மட்டும் பாரம் ஏற்றிய லோரி பின்னால் நெருங்கி, என் சிறிய கண்ணாடி முழுவதையும் அதன் முகம் நிறைத்துக்கொள்ளும்போது வயிற்றைக் கலக்கும். மற்றபடி அங்கே கோபம் குறைவு.

உண்மையான சோதனை இருவழிச் சாலையில்தான். பீடோரிலிருந்து தெலுக் இந்தானுக்குச் செல்லும் சாலையை நம் பேராக்காரர்கள் அறிவார்கள். இருபுறமும் செம்பனை, குலைகளை ஏற்றிய லோரிகள், போக ஒரு தடம், வர ஒரு தடம். கோடுகள் இரட்டையாக இருக்கும் இடங்களில் முந்துவது குற்றம். கோடு விடுபட்ட இடத்திலோ எதிரே வண்டி வந்துகொண்டிருக்கும். பின்னால் வருகிறவர் இரண்டு மூன்று கிலோமீட்டர் என் பின்புறத்தையே பார்த்துக்கொண்டு வரவேண்டியிருக்கும். அவர் எரிச்சலடைவதில் எனக்கு வியப்பில்லை. மருத்துவமனைக்கு விரைகின்றாரோ, வேலைக்குத் தாமதமோ, யாருக்குத் தெரியும்? வெறும் பழக்கத்தால் அவசரப்படுகிறவர்களும் உண்டு. ஆனால் கண்ணாடியில் தெரியும் முகத்தை வைத்து இன்னாரென்று பிரித்தறிய முடியாது.

2024ஆம் ஆண்டு ஜூலையில், ஒரு நண்பகல், பள்ளி முடிந்து அந்தச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு பிக்கப் வண்டி. ஒட்டி வருவது, பின்வாங்குவது, விளக்கை அடிப்பது, மீண்டும் ஒட்டி வருவது என்றிருந்தது. முன்னால் இடப்புறம் ஒரு வளைவு. எதிரே வருவது எனக்கே தெரியாத இடம். இரட்டைக் கோட்டின்மேல் ஏறிப் பிக்கப் வெளியே வந்தது. அது என் கதவுக்கு நேராக வந்த கணத்தில்தான் வளைவிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வெளிப்பட்டது. ஒரு தந்தை; முன்னால் சிறுவன்; பின்னால் நீல நிறப் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி.

நான் பிரேக்கை மிதித்து வண்டியை இடப்புற ஓரத்திற்குக் கொண்டுபோனேன். பிக்கப் என் முன் பம்பரை உரசாத குறையாக உள்ளே நுழைந்து அப்படியே போய்விட்டது. நிற்கவில்லை. மோட்டார் சைக்கிள் சாலையை விட்டிறங்கிப் புல்லில் சிறிது தூரம் ஓடி, இயந்திரம் அணைந்து, நின்றது. விழவில்லை. மூவரும் நலம். சிறுமியின் நீர்ப்புட்டி மட்டும் கழன்று சாலையின் நடுவே உருண்டுகொண்டிருந்தது.

நான் வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன். அந்தத் தந்தைக்குக் கை நடுங்கியது. என் கழுத்தில் தொங்கிய பள்ளி அட்டையைப் பார்த்தார் போலும். “டீச்சர், நீங்க பிரேக் போடலன்னா அவன் உள்ள வந்திருக்கவே முடியாது” என்றார். அதற்குமேல் அவராலும் பேச முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. நீர்ப்புட்டியை எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்ட சிறுமி, “டீச்சர், இது என்ன கார்?” என்று கேட்டாள்! அவளுக்கு அதுதான் அன்றைய செய்தி.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் மணிக்கு 70 கிலோமீட்டரில் போகின்றேன், முந்துகிறவர் 90இல் வருகின்றார் என்று கொள்வோம். வேற்றுமை 20. என் பின்னாலிருந்து வெளியேறி எனக்கு முன்னால் நுழைவதற்கு என்னைவிட ஏறத்தாழ 40 மீட்டர் கூடுதலாக அவர் ஓடவேண்டும். அதற்கு 7 விநாடிக்குச் சற்று மேல் ஆகும். அந்த நேரத்தில் அவர் 180 மீட்டர் ஓடுவார். எதிரே வருகிறவரும் 90இல் வந்தால் அவரும் 180 மீட்டர் ஓடுவார். ஆக, 360 மீட்டர் வெற்றுச் சாலை வேண்டும். இனி, அவர் வெளியே வந்ததும் நான் வேகத்தை 50ஆகக் குறைத்துவிட்டால்? வேற்றுமை 40 ஆகின்றது. முந்துவதற்கு ஏறக்குறைய மூன்றரை விநாடி போதும். தேவைப்படும் சாலை 180 மீட்டர். சரிபாதி! அந்தப் பாதி என் வலது காலில் இருக்கின்றது.

நான் ஆசிரியை. தவறைக் கண்டால் திருத்தவேண்டும் என்ற அரிப்பு எங்களுக்குத் தொழிலோடு வந்தது. விளக்கை அடிக்கிறவரைக் காணும்போது, ‘வேகக் கட்டுப்பாட்டுக்குள்தானே போகின்றேன், காத்திருந்து வரட்டும்’ என்று மனம் சொல்லும். நியாயமும் என் பக்கமே இருக்கும். ஆனால் அந்த நியாயத்திற்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் நானும் அல்லர், பின்னால் வருகிறவரும் அல்லர். எங்கள் இருவரின் வழக்கிற்கும் தொடர்பே இல்லாமல் எதிரே வரும் மூன்றாம் ஆள். நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோர். அவசரக்காரருக்கு நான் வழி விடுவது அவருக்குப் பணிந்து போவதற்காக அன்று. அவரும் அவருடைய அவசரமும் விரைவாக எதிர்த்தடத்தை விட்டு விலகவேண்டும் என்பதற்காகவே.

ஆகவே இப்போது நான் என் பின்னால் வரிசை சேர விடுவதில்லை. மூன்று வண்டிகள் சேர்ந்துவிட்டால் போதும். அடுத்த பேருந்து நிறுத்தம், கோயில் வளைவு, பழக்கடை வாசல், எது முதலில் வருகின்றதோ அங்கே ஒதுங்கி அனைவரையும் போகவிட்டுவிடுவேன். அந்தச் சாலையில் ஒதுங்கத்தக்க இடங்கள் எங்கெங்கே உள்ளன என்பது எனக்கு இப்போது மனப்பாடம். ஒதுங்குவதற்கு வெகு முன்னரே இடப்புறச் சமிக்ஞை போட்டுவிடவேண்டும். திடீரென்று பிரேக்கை மிதித்தால், ஒட்டி வருகிறவர் நம் பெட்டியைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிடுவார். அப்பா காலத்து வண்டியில் பக்கக் கண்ணாடிகளே இல்லை. இப்போது இருபுறமும் பொருத்தியிருக்கின்றேன். பின்விளக்குகள் சிறியவை, மங்கலானவை என்பதால், பின் கண்ணாடியின் உட்புறத்தில் மூன்றாவது பிரேக் விளக்கொன்றைப் பட்டறைத் தவுக்கே பொருத்திக் கொடுத்தார். அது இல்லாமல் வண்டியை வெளியே எடுக்கவே கூடாது என்று மலாயும் தமிழும் கலந்து அவர் கண்டித்ததை இங்கே எழுதினால் நன்றாயிராது.

ஒன்றை மட்டும் நான் செய்வதில்லை. லோரி ஓட்டுநர்கள் சிலர், முன்னால் சாலை காலியாக இருந்தால் இடப்புறச் சமிக்ஞையைப் போட்டு ‘முந்தலாம்’ என்று பின்னால் வருகிறவருக்குத் தெரிவிப்பார்கள். நல்லெண்ணம்தான். ஆயினும் என் பார்வையில் காலியாகத் தெரிவது, அவர் வெளியேறும் நேரத்தில் காலியாக இருக்கும் என்று நான் எப்படி உறுதி கொடுப்பது? கையைக் காட்டி அழைப்பதும் அதுபோன்றதே. வேகத்தைக் குறைப்பேன், ஓரமாகப் போவேன். முந்துவதா வேண்டாமா என்பதை அவரே கண்ணால் பார்த்து முடிவு செய்யட்டும்.

அவசரக்காரர்களைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். இரசிகர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். இவர்கள் முந்தவே மாட்டார்கள். பக்கத்திலேயே எதிர்த்தடத்தில் ஓடிக்கொண்டு, கைப்பேசியை நீட்டிப் படம்பிடித்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார்கள். சிவப்பு விளக்கில் கண்ணாடியை இறக்கி, “அக்கா, விக்கிறீங்களா?” என்று விலை கேட்பார்கள். கோபக்காரராவது மூன்று விநாடியில் எதிர்த்தடத்தை விட்டுப் போய்விடுகின்றார். இவர்களின் அன்போ முடிவற்றது! இவர்களுக்கும் என்னிடம் அதே மருந்துதான்: வேகத்தைக் குறைத்து, சிரித்து, அடுத்த பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கிவிடுவது.

அந்த ஜூலை மாதத்திற்குப் பிறகு வீட்டில் என் கணவர், “விற்றுவிடலாமே” என்று சொன்னார். அவர் சொல்வதில் தவறொன்றும் இல்லை. மோதல் என்று வந்தால் இந்த வண்டி என்னைக் காக்காது. காற்றுப்பை கிடையாது, ஸ்டீயரிங் கம்பி நெஞ்சுக்கு நேராக நிற்கின்றது. நெடுநேரம் பேசினோம். கனமழையில் எடுப்பதில்லை, இருட்டிய பின் எடுப்பதில்லை, பிள்ளைகளை ஏற்றுவதில்லை, வாரத்தில் இரண்டு நாள்களுக்கு மேல் பள்ளிக்குக் கொண்டுபோவதில்லை என்று முடிவாயிற்று. மழை விதி அவர் போட்டது. வண்டியில் அவசர விளக்கும் கிடையாது. நம்மவர்கள் மழையில் நான்கு விளக்கையும் மினுக்கிக்கொண்டு ஓட்டுவதை நான் ஏற்பதில்லை. எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்பதே தெரியாமல் போகும். ஆனால் அந்த விளக்குக் கடலுக்கு நடுவே என் மைனர் மட்டும் இருட்டாகத் தெரியும் என்று அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

இவ்வாரம் வண்டி பட்டறையில் இருக்கின்றது. பின் சக்கரமொன்றில் பிரேக் எண்ணெய் கசிகின்றது, உதிரிப்பாகம் வரவேண்டும். ஆகவே கணவரின் மைவியை எடுத்துக்கொண்டு அதே சாலையில் போய் வருகின்றேன். பழக்கத்தில் கால் 70இலேயே நிற்கின்றது. நேற்றுப் பின்னால் வந்தவர் ஒரு கிலோமீட்டர்கூடப் பொறுக்கவில்லை. விளக்கை அடித்துத் தீர்த்துவிட்டார். பழக்கடை வாசலில் ஒதுங்கினேன். கடைக்கார அம்மா எட்டிப் பார்த்து, “எங்கம்மா உங்க பழைய காரு?” என்று கேட்டார். ஒரு கிலோ கொய்யா வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.