மிச்சம் வைத்த வேலைகள்

விடுமுறை தொடங்கினால் எங்களில் பலருக்கும் வீட்டில் ஏதாவது புதிதாகச் செய்யத் தோன்றும். பழைய போத்தலில் பூச்சாடி, உம்மாவின் சாரித் துணியில் தலையணை உறை, மொட்டை மாடியில் கீரைப் பாத்தி. தொடங்கும் நாளில் வீடே கலகலப்பாக இருக்கும். நான்காம் நாள் அந்த இடத்தில் கத்தரிக்கோலும் பசைப் போத்தலும் மட்டும் கிடக்கும். தொடங்கியவருக்கு மகிழ்ச்சி மிஞ்சும்; வீட்டில் உள்ள மற்றவர்களுக்குச் சுமை மிஞ்சும். இதை எனக்குக் கற்றுத்தந்தது எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவர்.

கல்கிசையில் கடலுக்கு அண்மையில் எமது வீடு இருக்கிறது. உம்மும்மாவுக்கு முழங்கால் வலி. வுழூச் செய்யப் போகும்போது பிடித்துக்கொள்ள ஒரு கைபிடிக் கம்பி பொருத்த வாப்பா எண்ணினார். கம்பியை வாங்கினார், சுவரில் நான்கு துளைகளும் இட்டார். ஆணிகள் மட்டும் குறைந்தன. கடற்காற்றில் சாதாரண இரும்பு ஆணி விரைவில் துருப்பிடித்துவிடும்; துருப்பிடிக்காத உருக்கு ஆணியே வேண்டும். காலி வீதிக் கடையொன்றில் அதை வாங்கி வருவது அரை மணி நேர வேலை. அதற்குள் நானாவுக்கு மாடித் தோட்ட ஆசை வந்தது. வாப்பாவும் அதில் இறங்கினார். உம்மா திரைச்சீலைக்குத் துணி வெட்டினார். கம்பி கதவின் பின்னால் வாரக்கணக்கில் சாய்ந்து நின்றது. உம்மும்மா எதுவும் கேட்கவில்லை. ஈரச் சுவரைத் தடவித் தடவி நடந்தார்.

நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் அவர் கால் சறுக்கியது. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. "கம்பியைப் பூட்டித் தாங்க எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே உம்மா" என்று என் உம்மா கண்கலங்கினார். "எல்லாரும் வேலையாத்தானே மகள் இருந்தீங்க" என்றார் உம்மும்மா. அன்று அஸருக்குப் பின் வாப்பா வேறெதையும் தொடாமல் கடைக்குப் போனார். மஃரிபுக்கு முன் கம்பி சுவரில் இருந்தது.

செய்யும் தொழிலையும் பகையையும் மிச்சம் வைத்தால், அணையாத நெருப்பின் மிச்சம்போல் அது கெடுக்கும் என்கிறார் வள்ளுவர். வினைசெயல்வகை அதிகாரத்தின் அந்தக் குறளைப் பரீட்சைக்காக மனனம் செய்திருந்தேன். அதன் பொருள் அன்றுதான் விளங்கியது.

அன்றிரவு ஒரு கொப்பியை எடுத்து, வீட்டில் அரைகுறையாகக் கிடந்தவற்றை எழுதினேன். மொத்தம் 11. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு கேள்விகள்: இன்னும் என்ன குறைகிறது? இதற்காக யார் காத்திருக்கிறார்? வியப்பு என்னவென்றால், அவற்றில் 7 வேலைகளுக்கு ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. ஒன்றுக்கு நூல், இன்னொன்றுக்கு இரண்டு பொத்தான்கள். யாரும் காத்திருக்காத 2 வேலைகளை நிறுத்திவிட்டு, அவற்றின் துணியையும் கம்பளி நூலையும் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தோம். வேண்டாததை மனமறிந்து கைவிடுவதும் ஒரு முடிவுதான். இப்போது புதிய யோசனைகள் எல்லாம் கொப்பியின் கடைசிப் பக்கத்துக்குப் போகின்றன. பழையது ஒன்று முடிந்த பிறகே புதியது ஒன்றுக்கு முறை வரும். அதுவரை காத்திருக்கும்போது பல யோசனைகளின் சூடு தானாகவே ஆறிவிடுகிறது.

முடிக்கும் ஆசை நம் எல்லோரிடமும் இருக்கிறது. மரியா ஓவ்சியான்கினா என்ற உளவியலாளர் பெர்லினில் செய்த ஆய்வை 1928இல் வெளியிட்டார். சிறு வேலை ஒன்றில் ஈடுபட்டிருந்தவர்களை அவர் இடையில் நிறுத்தினார். பின்னர் யாரும் சொல்லாமலே பெரும்பாலானோர் அந்த வேலைக்குத் திரும்பினார்கள். ஆகவே பாதி வேலையைக் கட்டிலுக்கடியில் தள்ளாமல் கண்ணில் படும் இடத்தில் வைத்தால், கை தானாகவே அங்கே போகும் என்பது என் அனுபவம்.

எது முடிவு என்பதையும் தொடங்குமுன் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கொழும்பின் தாமரைக் கோபுரத்தைப் பாருங்கள். 2012இல் அதன் கட்டுமானம் தொடங்கியது. 2019 செப்டெம்பரில் திறப்பு விழா நடந்தது. பொதுமக்கள் உள்ளே செல்லத் தொடங்கியதோ 2022 செப்டெம்பரில். விழா ஒரு நாள், பயன் இன்னொரு நாள். வீட்டு வேலையிலும் பொருள் வாங்கிய நாளை முடிந்த நாளாக எண்ணிவிடுகிறோம். யாருக்காகத் தொடங்கினோமோ அவர் அதைப் பயன்படுத்தும் நாளில்தான் வேலை முடிகிறது.

தோழியரே, ஆர்வம் அல்லாஹ் தந்த அருள். அதை அடக்கிவிடச் சொல்லவில்லை. அடுத்த வேலைக்குத் துணி வெட்டுமுன் வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். வாய்திறந்து கேட்காமல் காத்திருப்பவர் ஒருவர் அங்கே இருக்கக்கூடும். பெற்றோரே, பிள்ளை புதிதாக ஒன்றைத் தொடங்கும்போது பாராட்டுகிறீர்கள். அதன் கடைசித் தையல் விழும் நாளிலும் பக்கத்தில் வந்து நின்று பாருங்கள். முடிக்கும் பழக்கம் அந்தப் பாராட்டில் வளரும்.