வல்லாரையும் கோவாவும்

உணவுப் பொருளொன்றுக்கு மனிதர் அளிக்கும் மதிப்பும் அப்பொருள் உடலுக்கு அளிக்கும் பயனும் எக்காலத்தும் ஒத்துச் செல்வதில்லை. விலைகொடுத்து வாங்குவது உயர்ந்தது, விலையின்றிக் கிடைப்பது தாழ்ந்தது என்னும் எண்ணம் சமையலறைக்குள்ளும் புகுந்துவிடுகின்றது. மலையகத் தோட்டக் குடியிருப்புகளில் இதற்குச் சான்றாக இரு பொருள்களைக் காட்டலாம். ஒன்று, சந்தையிலிருந்து வரும் கோவா. தமிழகத்தார் முட்டைக்கோசு என வழங்குவது. மற்றையது, கான் ஓரத்திலும் பீலியடியிலும் தானே படரும் வல்லாரை. விருந்தினர் வரும் நாளில் அடுப்பேறுவது கோவா. கையில் காசில்லாத நாளில் நினைவுக்கு வருவது வல்லாரை. இவ்விரண்டில் எது சத்துமிக்கது என்னும் வினா எளியதாகத் தோன்றும். விடை அத்துணை எளியதன்று.

தெமோதரை, எல்லவுக்கும் ஹாலிஎலவுக்கும் இடையே பதுளைப் புகையிரதப் பாதையில் அமைந்த ஊர். 1924இல் பதுளையை எட்டிய அப்பாதை, தெமோதரை நிலையத்தைக் கடந்தபின் மலையைச் சுற்றி இறங்கி, அந்நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தினூடாகவே செல்கின்றது. இவ்விந்தையைக் காண வருவோர் பலர். பாதையின் இருமருங்கிலும் உள்ள லயன்களில் வாழ்வோர் தட்டில் என்ன இருக்கின்றதெனக் காண்போர் சிலரே. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் தேடித்தந்த தனி மணம், ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றினால் விளைவது. கொழுந்துக்கு மணமூட்டும் அதே காற்று கீரைகளை வாட்டுகின்றது. அம்மாதங்களில் வல்லாரை நீர்க்கசிவுள்ள இடங்களில் மட்டுமே எஞ்சும். கோவாவோ வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளின் மரக்கறித் தோட்டங்களிலிருந்து வந்துகொண்டிருக்கும். ஆகவே ஒன்றுக்கொன்று மாற்றாகக் கொள்வதற்குமுன், இரண்டும் கிடைக்கும் காலத்தையும் கருதுதல் வேண்டும்.

இனி, எண்கள் கூறுவதை நோக்குவோம். 100 கிராம் பச்சைக் கோவாவில் ஏறத்தாழ 92 கிராம் நீர். எஞ்சியவற்றுள் புரதம் 1.3 கிராம், நார்ப்பொருள் 2.5 கிராம், கல்சியம் 40 மில்லிகிராம், இரும்பு அரை மில்லிகிராம், விற்றமின் சீ 37 மில்லிகிராம் என அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணை காட்டுகின்றது. வல்லாரையைப் பொறுத்தவரை, அதனை நாள்தோறும் உண்ணும் இன்னொரு நாடான மலேசியாவின் உணவு அட்டவணை பயன்படும். அதன்படி 100 கிராம் இலையில் கல்சியம் ஏறத்தாழ 170 மில்லிகிராம், இரும்பு ஐந்தரை மில்லிகிராம், விற்றமின் சீ 48 மில்லிகிராம். கோவாவில் பெயரளவிலேயே உள்ள கரோட்டின் வல்லாரையில் 2,600 மைக்கிரோகிராம் வரை உண்டு. கண்பார்வைக்கு வேண்டிய விற்றமின் ஏ இக்கரோட்டினிலிருந்தே உடலில் ஆக்கப்படுகின்றது. இலையொன்று ஒளியைப் பெறுவதற்காக விரிந்து நிற்பது. கோவாவின் உள்ளிதழ்களோ ஒளிகாணாது ஒன்றையொன்று மூடி வெளுத்திருப்பவை. பச்சை நிறத்தோடு சேர்ந்தே கரோட்டினும் அமைவதால், இவ்வேறுபாடு வியப்புக்குரியதன்று.

இந்த இடத்தில் தீர்ப்பு வழங்கிவிடுதல் எளிது. ஆயின் எவரும் 100 கிராம் வல்லாரையை ஒருவேளையில் உண்பதில்லை. கோவாக் கறி தட்டில் 100 கிராம் விழலாம். வல்லாரைச் சம்பல் 30 கிராமுக்கு மேற்படுவது அரிது. எனவே அட்டவணையின் எண்களைத் தட்டின் எண்களாக மாற்றிப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு பார்க்கையில் வல்லாரையின் கல்சியம் 50 மில்லிகிராமாகச் சுருங்கிக் கோவாவின் 40 மில்லிகிராமை நெருங்குகின்றது. கோவாவின் கல்சியம் உடலில் நன்கு அகத்துறிஞ்சப்படுவது என்பதனால் இவ்விடைவெளியும் பெரிதன்று. விற்றமின் சீயில் பச்சைக் கோவா முந்துகின்றது. இரும்பில் மட்டும் வல்லாரை தன் சிறிய அளவிலும் மும்மடங்கு மேலோங்கி நிற்கின்றது. எனினும் இவ்வெண்கள் மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறுவன என்பதையும், நன்கு கழுவப்படாத இலையில் ஒட்டிய மண்ணின் இரும்பும் சிலவேளை கணக்கில் ஏறிவிடும் என்பதையும் மறத்தலாகாது.

அடுத்து, அடுப்பின் பங்கு. விற்றமின் சீ நீரிற் கரைவது, வெப்பத்தில் அழிவது. கோவாவை நீரில் நெடுநேரம் அவித்து அந்நீரை வடித்துவிடின் அதன் முதன்மைச் செல்வத்தில் பெரும்பகுதி தொட்டியோடு போய்விடும். அரைவாசி இழப்பு எனக் கொண்டாலும், தட்டில் எஞ்சுவது 18 மில்லிகிராமே. வல்லாரையின் நிலை வேறு. அதனைப் பச்சையாகவே நறுக்கி, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து, தேசிக்காய் பிழிந்து சம்பலாக்குவது வழக்கம். வாய்ப்புள்ளோர் மாசிக் கருவாடும் இடித்துச் சேர்ப்பர். இக்கலவையை அட்டவணை கண்டு எவரும் வகுத்ததில்லை. ஆயினும் அதன் ஒவ்வொரு கூறுக்கும் காரணம் உண்டு. தேங்காயின் கொழுப்பு கரோட்டினை உடல் ஏற்க உதவுகின்றது. தேசிக்காயின் புளிப்பும் விற்றமின் சீயும் இலையின் இரும்பைக் கரையும் நிலையில் வைக்கின்றன. மாசியோ தன் இரும்பைத் தருவதோடு இலையின் இரும்பும் அகத்துறிஞ்சப்படத் துணைசெய்கின்றது.

இத்துணைக்குப் பின்னும் இலைக்கும் குருதிக்கும் இடையே ஒரு தடை நிற்கின்றது. அத்தடை தேநீர். இலை, தானியம் முதலியவற்றிலுள்ள இரும்பில் சிறு பங்கையே உடல் எப்பொழுதும் ஏற்கின்றது. தேநீரிலுள்ள தனின்கள் அச்சிறு பங்கையும் பிணைத்துக் கரையாப் பொருளாக்கி வெளியேற்றிவிடும். தென்னாபிரிக்க ஆய்வாளர் 1975இல் வெளியிட்ட முடிவுகள் இதனைத் தெளிவாகக் காட்டின. பாணோடும் சோற்றுணவோடும் தேநீர் அருந்தியபோது இரும்பின் அகத்துறிஞ்சல் குறைந்தது. விற்றமின் சீ உடனிருந்தபோதும் அக்குறைவு முற்றாக நீங்கவில்லை. தேசிக்காய் கொண்டுவரும் நன்மையைத் தேநீர் கொண்டுபோய்விடுகின்றது என்பதே இதன் பொருள்.

இதனை மனத்திற்கொண்டு தோட்டத்துப் பெண்ணின் நாளை நோக்குதல் தகும். விடியுமுன் எழுந்து, பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் உணவாக்கி, தான் ரொட்டியும் சம்பலும் உண்டு, அது தொண்டையில் இறங்குவதற்காகவே வெறுந்தேநீரைக் குடித்துவிட்டு மலைக்கு ஓடுகின்றாள். குளிரில் உடலைச் சூடாக்குவதும், பசியை ஒத்திப்போடுவதும் அத்தேநீரே. மாதந்தோறும் குருதி இழப்பவள் அவள். கருவுற்றால் அவளது இரும்புத் தேவை மேலும் உயரும். கருவுறாத பெண்ணுக்கு நாளொன்றுக்கு 18 மில்லிகிராமும் கருவுற்றவளுக்கு 27 மில்லிகிராமும் வேண்டுமென அமெரிக்கப் பரிந்துரைகள் கூறும். முப்பது கிராம் வல்லாரையின் இரும்பு ஒன்றரை மில்லிகிராமைச் சற்றே கடக்கும். எனவே வல்லாரை மட்டும் குருதிச்சோகையைப் போக்கிவிடும் என்று கூறுவது அவளுக்குச் செய்யும் உதவியாகாது. பருப்பும் முட்டையும் மீனும் மருத்துவ நிலையம் தரும் இரும்பு மாத்திரையும் அவளுக்கு வேண்டும். வல்லாரை இவற்றுக்குத் துணையேயன்றி மாற்றன்று.

கடமை உணவோடு முடிவதுமில்லை. லயன்களின் கழிவுநீர் கலக்கும் கானிலும், களைநாசினி தெளித்த மலையின் அடிவாரத்திலும் பறித்த இலையைப் பச்சையாக உண்பது நோயை விலைகொடாமல் வாங்குவதாகும். கோவாவும் பூச்சிநாசினிக்கு விலக்கன்று. ஆயின் அதன் வெளியிதழ்களைக் களைந்துவிடலாம், எஞ்சியதைச் சமைத்து உண்ணலாம். வல்லாரைக்குத் தூய நீர் தேவை. தூய நீரும் வீட்டருகே ஒரு பாத்தியளவு நிலமும் இருப்பின் அதனை வளர்ப்பது எளிது. தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் வாழ்ந்தோருக்கு அவ்வொரு பாத்தியே அரிதாயிற்று என்பதில்தான் இவ்வொப்பீட்டின் கசப்பு அடங்கியுள்ளது.

1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களில் பட்டினிச் சாவுகளை விளைவித்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில், செப்டெம்பர் மாதத்தில், கொழும்பின் உணவு விலைகள் முந்திய ஆண்டைவிட 90 வீதத்துக்கு மேல் உயர்ந்திருந்தன. இவ்விரு நெருக்கடிகளுக்கும் இடைப்பட்ட காலத்தும் தோட்டங்களில் நிறைவு நிலவியதெனல் இயலாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளாவிய நிலையில் 17.3 வீதம், தோட்டத்துறையில் 31.7 வீதம். தாயின் குருதியில் தொடங்கும் குறை பிள்ளையின் உயரத்திலும் வெளிப்படலாம்.

ஆகவே வல்லாரையா கோவாவா என்னும் வினாவுக்கு, நிறைக்கு நிறை வல்லாரையே மேல் என்பது அட்டவணையின் விடை. சோற்றின் ஒருபுறம் சிறிதளவு நீரில் விரைவாக வதக்கிய கோவாவும் மறுபுறம் தேசிக்காய் பிழிந்த வல்லாரைச் சம்பலும் இருத்தல் நன்று என்பது தட்டின் விடை. உண்டபின் ஒரு மணி நேரமாவது கழித்தே தேநீர் அருந்துதல் இரண்டினும் பயனுள்ளது. அதற்குச் செலவேதும் இல்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் கொழுந்து பறிப்பவளின் கையில் இல்லை. காலை உணவுக்கும் பிரட்டுக்கும் இடையில் அவளுக்கு அத்துணை அவகாசம் கிடைப்பதில்லை. அவளுக்கு அறிவுரை கூறமுற்படுவோர், தேநீர் இடைவேளையின் நேரத்தையும் லயனுக்கு வரும் நீரையும் வாசலோரத்து நிலத்தையும் பற்றித் தோட்ட நிருவாகத்திடமும் பேசவேண்டியவராவர். சத்துணவைப் பற்றிய ஆராய்ச்சி அங்கேதான் சென்று முடிதல் வேண்டும்.