நாய்க்கு எதற்கு பாஸ்போர்ட்?

பாரிஸிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் போக வானத்தில் இருக்கும் நேரம் சுமார் ஒரு மணி நேரம்தான். ஏறக்குறைய சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிற மாதிரிதான். கொடுத்த காபியைக் குடித்து முடிப்பதற்குள் பெல்ட்டைப் போடச் சொல்லிவிடுவார்கள். ஆனால் வீட்டில் வளரும் நாயும் கூட வர வேண்டுமென்றால் கதையே வேறு. வேலை பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடும்.

பாரிஸிலிருந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. அப்படி ஒரு வீட்டில் பத்து வயதுப் பெண் ஒருத்தியும் மணி என்று ஒரு நாயும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி கட்டும் நேரத்தில் பேச்சு இப்படித்தான் போகும்.

"அப்பா, மணிக்கும் டிக்கெட் போட்டாச்சோ?"

"போட்டாச்சு பிள்ளை. ஆனா அவன் எங்களோட மேல இருக்கேலாது. கீழ சாமானோடதான் வருவான்."

"ஏன், அவன் சாமானோ?"

சின்னப் பிள்ளையின் கேள்விதான். ஆனால் சட்டத்தைப் பொறுத்தவரை பதில், 'ஆமாம்'!

பிரிட்டனுக்குள் விமானத்தில் வரும் நாய், பூனை எதுவானாலும் கார்கோவாகத்தான் வர வேண்டும். வழிகாட்டி நாய் போன்ற உதவி நாய்களுக்கும், அயர்லாந்து போன்ற மிகச் சில இடங்களிலிருந்து வருபவற்றுக்கும் மட்டும் விலக்கு. பாரிஸிலிருந்து ரோமுக்கு அதே மணியைப் பைக்குள் வைத்து, இருக்கைக்குக் கீழே தள்ளிக்கொண்டு போகலாம் (சின்ன நாயாக இருந்து, விமான நிறுவனமும் ஒப்புக்கொண்டால்). லண்டனுக்கு மட்டும் அது நடக்காது. கார்கோ என்று ஆகிவிட்டால் சுங்க அதிகாரிகளின் கணக்கில் அவனும் ஒரு சரக்கு. குடிபெயர்ந்து வருகிறோம் என்று முன்கூட்டியே விண்ணப்பித்துச் சலுகை வாங்காவிட்டால் அவனுக்கு வரி கேட்பார்கள். பெரும்பாலும் அவனுடைய கட்டணம் அந்தப் பிள்ளையின் டிக்கெட்டைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும்.

சரி, அவன் ஏற என்னென்ன வேண்டும்?

முதலில் மைக்ரோசிப். அரிசி மணி அளவுள்ள ஒரு சிப்பைத் தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்துவார்கள். அதற்குப் பிறகுதான் ரேபிஸ் தடுப்பூசி. இந்த வரிசை மாறவே கூடாது. ஊசி முதலில், சிப் பிறகு என்றால் அந்த ஊசி கணக்கில் வராது, மறுபடி போட வேண்டும். ஊசி போடும்போது நாய்க்குக் குறைந்தது 12 வாரம் ஆகியிருக்க வேண்டும். போட்டபின் 21 நாள் காத்திருக்க வேண்டும். ஊசி போட்ட நாளைப் பூஜ்யம் என்றுதான் எண்ணுவார்கள். ஜூன் 1-ஆம் தேதி ஊசி என்றால் ஜூன் 22-க்கு முன் பயணம் கிடையாது.

அடுத்தது நாடாப்புழு மருந்து. பிரிட்டனில் இல்லாத, மனிதருடைய ஈரலைத் தாக்கக்கூடிய ஒருவகை நாடாப்புழு ஐரோப்பாவில் உண்டு. அது உள்ளே வராமலிருக்க, நாய் பிரிட்டனுக்குள் நுழைவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் முன்பாக ஒரு கால்நடை மருத்துவர் மருந்து கொடுத்து, தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். சனிக்கிழமை நண்பகல் லண்டன் என்றால், திங்கள் நண்பகலுக்கும் வெள்ளி நண்பகலுக்கும் இடையில். அதற்குள் விமானம் இரண்டு நாள் தள்ளிப்போனால்? அது எந்தக் கிழமை கொடுத்த மருந்து என்று விரல் விட்டு எண்ண வேண்டியதுதான்.

பிறகு கூண்டு. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா இதற்கென்றே விதிகள் வைத்திருக்கிறது. நாய் தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். காற்று வர வழி, வெளியிலிருந்தே நிரப்பக்கூடிய தண்ணீர்க் கிண்ணம், 'உயிருள்ள விலங்கு' என்ற ஒட்டி, மேல்பக்கம் எது என்று காட்டும் அம்புக்குறி எல்லாம் வேண்டும். விலங்கு ஏற்றும் அடித்தளத்தில் காற்றழுத்தமும் வெப்பமும் பயணிகள் பகுதியைப் போலவே கவனிக்கப்படும். பலர் நினைப்பதுபோல அது உறைந்துபோகும் இருட்டறை அல்ல.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2010-இல் ஒரு கணக்கை வெளியிட்டது. 2005 மே மாதத்திலிருந்து அந்நாட்டு விமானங்களில் கொண்டு செல்லப்பட்ட நாய்களில் 122 இறந்திருந்தன. அவற்றில் ஏறக்குறைய பாதி, புல்டாக், பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள். அவற்றின் மூச்சுக்குழாய் அமைப்பே குறுகலானது. பயமும் வெப்பமும் சேர்ந்தால் மூச்சு முட்டும். 'பாவம், தூங்கட்டுமே' என்று மயக்க மருந்து கொடுப்பது இன்னும் மோசம். ரத்த அழுத்தம் குறையும், மூச்சு மந்தமாகும், பார்க்க பக்கத்தில் ஆளும் இருக்காது. அதனால்தான் மருத்துவர்கள் மருந்து வேண்டாம், பல நாள் முன்பே கூண்டைத் திறந்து வீட்டில் வையுங்கள், அதற்குள்ளேயே சாப்பாடு போடுங்கள், பழைய போர்வை ஒன்றை விரியுங்கள் என்கிறார்கள். நாய்க்கு அது பெட்டியாக இல்லாமல் தன் இடமாகத் தோன்ற வேண்டும்.

ஹீத்ரோவில் இறங்கியதும் நேராக வீட்டுக்குக் கூட்டிப்போக முடியாது. அங்கே லண்டன் மாநகர நிர்வாகம் நடத்தும் விலங்கு வரவேற்பு மையம் ஒன்று இருக்கிறது. நாய், பூனை மட்டுமல்ல, மீன், பறவை, பல்லி, பாம்பு என்று எல்லா விருந்தாளிகளும் அங்கேதான் வருவார்கள். சிப்பைப் படித்து, தாள்களைச் சரிபார்த்து விடுவிக்கச் சில மணி நேரம் பிடிக்கும். ஏதாவது ஒன்று பொருந்தாவிட்டால் 4 மாதம் வரை தனிமைக் கொட்டடியில் வைக்கலாம். செலவு முழுக்க உரிமையாளருடையது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? பதில் ஒரே சொல்: ரேபிஸ். நம்மூரில் சொன்னால் வெறிநாய்க்கடி.

19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனிலும் வெறிநாய்கள் தெருவில் திரிந்தன. 1897-இல் அரசு நாய்களுக்கு வாய்ப்பூட்டைக் கண்டிப்பாக்கியது, வெளியிலிருந்து வரும் நாய்களைத் தனிமைப்படுத்தியது. 1902-இல் நோய் ஒழிந்தது. முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்கள் சிலர் ஐரோப்பாவிலிருந்து நாய்களை ஒளித்துக் கொண்டுவந்தார்கள். 1918-இல் ரேபிஸ் மறுபடி வந்துவிட்டது! அதைத் துடைத்தெடுக்க 1922 வரை ஆனது. அதிலிருந்து அந்தத் தீவுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. வெளியிலிருந்து எந்த நாய் வந்தாலும் ஆறு மாதம் கொட்டடி. ஆளும் வாரம் ஒருமுறை போய்க் கம்பிக்குள் இருக்கும் செல்லத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

பணம் இருந்தவர்கள் வேறு வழி கண்டார்கள். 1968-இல் நடிகை எலிசபெத் டெய்லரும் ரிச்சர்ட் பர்ட்டனும் லண்டன் வந்தபோது தங்கள் நாய்களுக்காகவே ஒரு சொகுசுப் படகை வாடகைக்கு எடுத்துத் தேம்ஸ் நதியில் நிறுத்தினார்கள். நாய்கள் கரையில் கால் வைக்காதவரை அவை இங்கிலாந்துக்குள் வரவில்லை என்று அர்த்தம்!

கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் அடுத்த வருடமே சிரிக்க முடியாத ஒன்று நடந்தது. 1969-இல் கேம்பர்லி என்ற ஊரில், ஜெர்மனியிலிருந்து வந்து ஆறு மாதக் கொட்டடியை முழுதாக முடித்து வெளியே வந்த ஒரு நாய்க்குச் சில நாட்களிலேயே ரேபிஸ் வெளிப்பட்டது. ஆட்களையும் கடித்தது. ஆறு மாதம்கூடப் போதவில்லையே என்று நாடே நடுங்கியது.

உண்மையில் பிரச்சினையைத் தீர்த்தது கொட்டடி இல்லை. அது ஐரோப்பியக் காடுகளில் தீர்ந்தது. அங்கே ரேபிஸைச் சுமந்து திரிந்தவை நரிகள். கிழக்கிலிருந்து வருடத்துக்கு வருடம் நகர்ந்து வந்த நோய் 1968-இல் பிரான்ஸை எட்டியது. நரியைப் பிடித்து ஊசி போட முடியுமா? 1978-இல் சுவிட்சர்லாந்தில் ஒரு யோசனை செய்தார்கள். தடுப்பு மருந்தைக் கோழித்தலைக்குள் வைத்து மலைப் பள்ளத்தாக்கில் போட்டார்கள். நரி தின்றது, எதிர்ப்புச் சக்தி பெற்றது! பிறகு தொழிற்சாலையில் செய்த இரைகளை விமானத்திலிருந்து வீசினார்கள். 1999-இல் சுவிட்சர்லாந்தும், 2001-இல் பிரான்ஸும், 2008-இல் ஜெர்மனியும் ரேபிஸ் இல்லாத நாடுகள் ஆயின.

பிரிட்டனில் 1998-இல் பேராசிரியர் இயன் கென்னடி தலைமையிலான குழு, கொட்டடிக்குப் பதில் தடுப்பூசியும் சிப்பும் போதும் என்று பரிந்துரைத்தது. 2000 பிப்ரவரி 28 முதல் நாய்கள் ஊசிச் சான்றோடு உள்ளே வரத் தொடங்கின. முதலில் ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு ஆறு மாதக் காத்திருப்பு என்று இருந்தது. 2012 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு அதுவும் போய், 21 நாள் ஆனது.

பிறகு பிரெக்ஸிட் வந்தது. பிரிட்டனில் வாங்கிய ஐரோப்பிய நாய் பாஸ்போர்ட் 2021 ஜனவரி 1-இலிருந்து செல்லாமல் போனது. லண்டன் நாய் பாரிஸுக்குப் போய்வர ஒவ்வொரு முறையும் புதிய ஆரோக்கியச் சான்றிதழ் தேவைப்பட்டது. நாயின் உடம்பில் எந்த மாற்றமும் இல்லை, மாறியது மனிதர்களின் ஒப்பந்தம் மட்டும்தான். 2025 மே மாதம் இரு தரப்பும் செய்த உடன்பாட்டில் பாஸ்போர்ட்டைத் திரும்பக் கொண்டுவருவதும் ஓர் அம்சம்.

இப்போது ஒரு கேள்வி எழும். பிரான்ஸில் நோய் ஒழிந்துவிட்டது, ஊசியும் போட்டாயிற்று. இன்னும் ஏன் மணி தனியாகக் கீழே போக வேண்டும்? அதிகாரிகள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. கார்கோவாக வந்தால் ஒவ்வொரு விலங்கும் ஒரே வாசலில் நிற்கும், யார் கண்ணுக்கும் தப்பாது. விதிகள் தளர்ந்த பிறகு விற்பனைக்காகக் குட்டி நாய்களைப் பொய்த் தாள்களோடு கடத்தி வந்தவர்களும் உண்டு. ஆனால் மறுபக்க நியாயமும் கனமானது. அதே மணி, கலேயிலிருந்து சுரங்க ரயிலில் காருக்குள்ளேயே உட்கார்ந்து, அந்தப் பிள்ளையின் மடியில் தலை வைத்தபடி, 35 நிமிடத்தில் இங்கிலாந்து வந்துவிடலாம்! தாள்களைக் கலேயிலேயே பார்த்துவிடுவார்கள். அதே நாய், அதே ஊசி, அதே நோய். விவரம் தெரிந்தவர்கள் பலர் தூர தேசத்திலிருந்து வந்தாலும் பாரிஸிலோ ஆம்ஸ்டர்டாமிலோ இறங்கி, காரிலோ கப்பலிலோ மீதித் தூரத்தைக் கடப்பது இதனால்தான்.

கெடுபிடியைப் பார்த்து எரிச்சல்படுவது சுலபம். ஆனால் உலகத்தில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் ரேபிஸால் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் பெரும்பங்கு ஆசியாவும் ஆப்பிரிக்காவும். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. பள்ளிக்குப் போகும் பிள்ளையை நாய் கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற பயம் நம் ஊர் அம்மாக்களுக்குத் தெரியும். பிரிட்டனில் 1902-க்குப் பிறகு வௌவாலைத் தவிர உள்ளூர் விலங்கு எதனிடமிருந்தும் யாருக்கும் ரேபிஸ் தொற்றியதில்லை. அந்த நிம்மதிக்கு லட்சக்கணக்கான நாய்கள் கொட்டடியில் கழித்த நாட்களும் ஒரு விலை.

பயம் நியாயமாக இருக்கும்போது பிறந்த விதி, பயம் குறைந்த பிறகும் பழக்கத்தால் நின்றுவிடுவது உண்டு. தடுப்பூசி கையில் இருந்தும், காட்டில் நரிகளுக்கு நோய் ஒழிந்துகொண்டிருந்தும் ஆறு மாதக் கொட்டடி 2000 வரை நீண்டது. யாராவது விடாமல் கேட்டால்தான் அது மாறும். கேட்க வேண்டிய நாய்க்கோ வாய் பேசாது. அதற்குப் பாஸ்போர்ட் என்றால் என்ன என்று தெரியாது, பக்கத்து நாடு என்றால் என்ன என்றும் தெரியாது. கூட இருந்தவர்கள் எங்கே என்பது மட்டும்தான் தெரியும்.

உங்கள் வீட்டு மணியையும் என்றாவது எல்லை தாண்டிக் கூட்டிப்போக வேண்டி வந்தால், டிக்கெட் எடுப்பதற்கு முன் காலண்டரை எடுங்கள். சிப், ஊசி, 21 நாள், புழு மருந்து என்று வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். விமானமா காரா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம். அந்த 35 நிமிட வழி இருக்கும்போது, முடிந்தவர்கள் அவனை மடியிலேயே வைத்துக் கூட்டிப்போவதுதான் நல்லது.