மிளகாய் எங்கே போயிற்று?

மசாலை அரைக்கும் மில் நடத்துவது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மிகச் சுலபமான தொழிலாகத் தெரியும். மிளகாய் வருகிறது, தூளாகப் போகிறது, காசு பெட்டிக்குள் விழுகிறது; அவ்வளவுதானே என்பார்கள். பந்திங் பக்கம் என் மாமனார் தொடங்கிய மில்லில் இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கல்லாவில் உட்காருகிறவள் நான். ஒரே கூரைக்குக் கீழே அங்கே மூன்று வியாபாரம் நடக்கிறது. கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாம் வாங்கியபடியே நிறுத்து விற்கிறோம், அது ஒன்று. மிளகாயையும் மல்லியையும் மஞ்சளையும் வாங்கி, காய வைத்து, வறுத்து, அரைத்து, இறைச்சி மசாலை, மீன் மசாலை என்று பொட்டலம் கட்டி விற்கிறோம், அது இரண்டாவது. மூன்றாவது கூலி அரைவை. தீபாவளிக்கு முன் மூன்று வாரம் வந்து பாருங்களேன்! தோட்டத்திலிருந்தும் தாமான்களிலிருந்தும் பெண்கள் தங்கள் வீட்டு வாசலில் காய வைத்த சாமானை டின்னில் கொண்டு வந்து வரிசை பிடித்து நிற்பார்கள். அது எங்கள் சரக்கே இல்லை. ஆனாலும் எங்கள் மில்லுக்குள் இருக்கிறது. ஒருவர் டின் இன்னொருவர் வீட்டுக்குப் போய்விட்டால் அப்புறம் உறவு முறிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மாமனார் காலத்தில் இத்தனையும் இரண்டு பேரேட்டிலும் ஒரு கட்டு '555' நோட்டிலும் அடங்கியிருந்தன. அந்தச் சிறு நோட்டை அறியாத தோட்டத்து வீடு உண்டா? வாங்கிய சாமானைக் கடைக்காரர் அதில் எழுதுவார். சம்பளம் போட்ட மறுநாள் பற்றைத் தீர்ப்போம்.

2015 ஏப்ரல் முதல் தேதி 6 விழுக்காடு ஜிஎஸ்டி வரி வந்தது. ஆண்டு விற்பனை 5 லட்சம் வெள்ளியைத் தாண்டியவர்கள் பதிந்துகொள்ள வேண்டும் என்றார்கள். கணக்கு மென்பொருள் வாங்கச் சிறு வணிகர்களுக்கு அரசாங்கம் 1,000 வெள்ளிக்கு உதவிச் சீட்டும் கொடுத்தது. எங்கள் தெருவில் பல கடைகளுக்குக் கணினி வந்து சேர்ந்தது அப்போதுதான். நாங்களும் ஒரு கம்பெனியிடம் ஆயத்த மென்பொருள் ஒன்றை வாங்கினோம். 2018 ஜூன் முதல் தேதி அந்த வரி சுழியமாகிவிட்டது. மென்பொருள் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது.

அதைக் குறை சொல்லவில்லை. வாங்கிய பொருளை வாங்கியபடியே விற்கும் கடைக்கு அது பொருத்தமானதுதான். பத்து சட்டை வந்தது, நான்கு விற்றது, மீதி ஆறு. எங்கள் மில்லில் ஒரு பொருள் இன்னொரு பொருளாக மாறுகிறது. அது மட்டும் அதற்குப் புரியவில்லை. வற்றல் மிளகாய் 300 கிலோ வாங்கினோம், தூளாக 264 கிலோ விற்றோம் என்றால், மீதி 36 கிலோ எங்கே என்று கேட்கும். விற்றவரிடம் கேட்டதற்கு, "மாதக் கடைசியில் 'இழப்பு' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள், சரியாகிவிடும்" என்றார். போட்டோம். மாதா மாதம் தாளில் 'இழப்பு 36', 'இழப்பு 41' என்று வர ஆரம்பித்தது.

அந்த ஒரு சொல் வீட்டுக்குள் என்ன செய்தது தெரியுமா? என் கொழுந்தன்தான் கணக்குப் பார்ப்பவர். "அண்ணி, சிஸ்டம் பொய் சொல்லாது. யாரோ எடுத்துப் போகிறார்கள்" என்றார். பின்கட்டில் காம்பு கிள்ளி, காய வைத்து, வறுப்பவர் ஒரு பாட்டி. ரப்பர் காலத்தில் பால் மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு மாமனாரிடம் வேலைக்கு வந்தவர். சரக்குக் கிடங்குச் சாவியே அவர் இடுப்பில்தான் இருக்கும். "காய்ந்தா குறையத்தானே செய்யும் தம்பி" என்று அவர் சொல்லாமல் இல்லை. நானும் அதையே சொன்னேன். அச்சிட்ட தாளுக்கு முன்னால் வாய்ச்சொல் எடுபடவில்லை. பின்கட்டில் கேமரா மாட்டினார்கள். ஒரு நாள் மாலை அவர் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். உள்ளே வெற்றிலைப் பெட்டியும் ஒரு துண்டும் இருந்தன. மறுநாள் சாவி கல்லா மேசை மீது இருந்தது. பாட்டி வரவில்லை.

இது 2022இல் நடந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் தீபாவளி டின் குழப்பம் தாங்காமல், எங்களுக்கென்றே ஒரு மென்பொருள் எழுதித் தர முடியுமா என்று ஒரு பெண்ணைக் கேட்டோம். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுபவர். பொலிடெக்னிக்கில் படித்தவள். வந்தவுடன் மடிக்கணினியைத் திறப்பாள் என்று நினைத்தோம். அவளோ மூன்று நாள் ஒரு முக்காலியைப் போட்டு மில்லுக்குள் உட்கார்ந்துகொண்டாள். மூட்டை எங்கே இறங்குகிறது, யார் நிறுக்கிறார்கள், எந்தத் தாளில் எழுதுகிறார்கள், அந்தத் தாள் எங்கே தொலைகிறது என்று தும்மிக்கொண்டே பார்த்தாள்.

இரண்டாம் நாள் கேட்டாள்: "ஆன்ட்டி, தாத்தா எழுதின பழைய கணக்கு ஏதாச்சும் இருக்கா?"

அலமாரியிலிருந்து பேரேட்டை எடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்திலேயே மாமனாரின் கையெழுத்தில் இருந்தது: வற்றல் 100க்குச் சேதாரம் 12. நகைக் கடையில் சொல்வோமே, அதே சேதாரம்தான்! மல்லிக்கு ஓர் எண், மஞ்சளுக்கு ஓர் எண் என்று வரிசையாக எழுதி வைத்திருந்தார். வாங்கி வந்த மென்பொருளில் இதை எழுதக் கட்டமே கிடையாது.

அவள் அதையும் அப்படியே நம்பிவிடவில்லை. 25 கிலோ மூட்டை நான்கைப் பிரித்து எங்கள் எல்லார் முன்னிலையிலும் நிறுத்தாள். காம்பு கிள்ளிய பின் 94 கிலோ. இரண்டு நாள் வெயிலுக்குப் பின் 89. அரைத்துச் சலித்த பின் எண்பத்தேழரை. மாமனார் எழுதியதற்கும் இதற்கும் அரைக் கிலோதான் வித்தியாசம். என் கொழுந்தன் தராசைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

அவள் எழுதித் தந்த மென்பொருளில் வற்றல் வேறு, தூள் வேறு. கிள்ளியது, காய்ந்தது, அரைத்தது என்று ஒவ்வொரு படியிலும் நிறுத்துப் பதிய வேண்டும். மழைக்காலத்தில் சேதாரம் மாறும் என்பதால் 11 முதல் 14 வரை விட்டு வைத்திருக்கிறாள். அதைத் தாண்டினால்தான் சிவப்பு வரும். 'இழப்பு' என்ற சொல்லை எடுத்துவிட்டுச் 'சேதாரம்' என்றே போட்டிருக்கிறாள். கூலி அரைவைக்குத் தனிப் பக்கம். டின்னில் எண் ஒட்டப்படும். அரைத்து முடிந்தால் கைப்பேசிக்குச் செய்தி போகும். இறைச்சி மசாலையின் அளவை மட்டும் என் கணவர் அவளிடம் சொல்ல மறுத்துவிட்டார். மருமகளுக்கே ஐந்து வருடம் கழித்துச் சொன்ன குடும்பம் இது! கடைசியில் அந்தப் பக்கத்துக்குக் கடவுச்சொல் போட்டு, அவரையே எண்களை நிரப்பச் சொன்னாள்.

பேச்சோடு பேச்சாக அவள் ஒரு கதை சொன்னாள். பிறகு நானும் தேடிப் படித்தேன். அலுவலகக் கணக்குக்கு முதன்முதலில் கணினியைக் கட்டியவர்கள் இலண்டனில் தேநீர்க் கடைகள் நடத்திய லயன்ஸ் கம்பெனியாராம். 1951இல் அந்த 'லியோ' இயந்திரம் செய்த முதல் வேலை ரொட்டி, கேக் கணக்கு. பிறகு கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் வேலையையும் அதில் ஏற்றினார்கள். ஒவ்வொரு கடைக்கும் நிலையான பட்டியல் ஒன்று உண்டு. கடையை நடத்தும் பெண்மணி நாளைக்கு என்ன கூடுதல், என்ன குறைவு என்பதை மட்டும் தொலைபேசியில் சொன்னால் போதும். இன்று எங்களிடம் வாரா வாரம் மசாலை எடுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் அதே ஏற்பாடுதான். மாற்றத்தை மட்டும் அனுப்புகிறார்கள். மீதியெல்லாம் போன வாரத்தைப் போலவே மூட்டையாகிவிடுகிறது.

செலவைக் கேட்பீர்கள். ஆயத்தமாக வாங்கியதைப்போல் மூன்று பங்கு ஆயிற்று. எல்லாக் கடைக்கும் இது வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சட்டை விற்பவருக்குக் கடைச் சட்டையே போதும். இன்னொன்றும் உண்டு. எழுதியவர் ஒருவரே. நாளைக்கு அந்தப் பிள்ளைக்குச் சிங்கப்பூரில் நல்ல வேலை கிடைத்தால் போகாதே என்று தடுக்க நமக்கு என்ன உரிமை? அதனால் எழுதிய நிரலின் பிரதியைக் கையில் வாங்கி வைத்திருக்கிறோம். மாதக் கடைசியில் கணக்கு முழுவதையும் சாதாரண அட்டவணையாக இறக்கித் தனியே சேமிக்கிறோம். இதை முன்பணம் கொடுக்கும்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் மனஸ்தாபம்தான்.

பாட்டி வீட்டுக்கு என் கொழுந்தனே போனார். என்ன பேசினார் என்று எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பாட்டி ஒரு மாதம் கழித்து வந்தார், அரை நாள் வேலைக்கு. கிடங்குச் சாவியை மட்டும் எவ்வளவு சொல்லியும் வாங்கிக்கொள்ளவில்லை. அவருக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். தான் கை வைக்கும் ஒவ்வொரு மூட்டையையும் தன் எதிரிலேயே நிறுக்கச் சொல்கிறார். அன்றைய எடையை அச்சிட்டுக் கையில் கொடுத்தால்தான் வீட்டுக்குக் கிளம்புகிறார். அந்தச் சீட்டுகளை ஒரு மைலோ டின்னில் போட்டு வைக்கிறார். டின் நிரம்பிவிட்டதாம். போன வாரம் என்னிடம் இன்னொரு டின் கேட்டார்.